லாரியின் புகையை எழுதுவது யார், தெரியுமா?

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி மாதாவரா பக்கம் போகிறவர்கள், யஷ்வந்த்பூர் தாண்டியதும் சன்னல் வழியே கீழே பாருங்கள். தும்கூர் ரோடு நெடுக லாரி! நாமக்கல்லின் டி.என். 28, திருச்செங்கோட்டின் டி.என். 34, நடுவே கே.ஏ. நம்பர்கள். இந்தப் புது லாரிகளில் எப்போது, எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்று முடிவெடுப்பது டிரைவரின் கால் இல்லை, தெரியுமா? கால் தன் ஆசையை மட்டுமே சொல்லும். முடிவு, எஞ்சினோடு சேர்ந்த ஈ.சி.யூ. என்ற சின்னப் பெட்டியுடையது. அதற்குள் ஆயிரக்கணக்கான எண்கள். அவற்றை மாற்றினால் போதும்; ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல் அதே எஞ்சின் கூடுதல் இழுவையோ, கூடுதல் மைலேஜோ, கூடுதல் புகையோ தரும்!

அந்த எண்களோடு பெங்களூருக்கு இருக்கும் உறவு இன்னும் பெரிய ஆச்சரியம். 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது நம் மெக்கானிக்குகள் வாயில் புழங்கும் ‘மைக்கோ’, ஆடுகோடியில் டீசல் பம்ப் செய்தது. நாட்டில் ஒரு தலைமுறை லாரி ஓடியது அந்தப் பம்பில்தான். மைக்கோ லேஅவுட் என்ற பேட்டைப் பெயரே அங்கிருந்து வந்தது. 2008இல் கம்பெனி பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. இன்று ஜெர்மனிக்கு வெளியே பாஷ் குழுமத்தின் மிகப் பெரிய மென்பொருள் மையமும் இதே பெங்களூரில்! இரும்பில் பம்ப் கடைந்த ஊர், இப்போது வண்டிகளுக்கான கட்டளைகளை எழுதுகிறது.

‘டியூனிங்’ என்பது லேப்டாப் வந்த பிறகு பிறந்த வித்தை என்றா நினைக்கிறீர்கள்? அந்த மைக்கோ பம்பிலேயே, டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதன் மேல் கம்பி கட்டி ஈய சீல் வைத்திருப்பார்கள். சீலை உடைத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் டீசல் கூடும். சேலத்திலிருந்து வரும் பார வண்டி தொப்பூர் ஏற்றத்தைச் சுலபமாக ஏறும். பின்னால் பைக்கில் வருகிறவர் முகமெல்லாம் கரி. கம்பெனி செட்டிங்குக்கும் வெளி மெக்கானிக் செட்டிங்குக்கும் நடந்த போட்டி அன்றே ஆரம்பம்!

பிறகு, எல்லா இஞ்செக்டர்களுக்கும் ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசலைத் தேக்கித் தரும் காமன் ரெயில் வந்தது. லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தம் 8 பார் அளவு. காமன் ரெயில் எஞ்சினில் டீசலின் அழுத்தமோ 2,000 பாரையும் தொடும்! இங்கே ஸ்க்ரூ கிடையாது. அதனால் வெளி டியூனிங் இரண்டு வழியில் நுழைந்தது. ஒன்று, சென்சாருக்கும் ஈ.சி.யூ.வுக்கும் நடுவே ஒரு பெட்டியைச் செருகுவது. சில பெட்டிகள் ரெயிலில் உள்ள அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். ‘அடடா, போதவில்லையே’ என்று ஈ.சி.யூ. இன்னும் ஏற்றும். இன்னொன்று, ஈ.சி.யூ.வின் எண்களையே வெளியே எடுத்துத் திருத்தி மறுபடி ஏற்றும் ரீமேப். டீசல் கார்களுக்கு டீசல்ட்ரானிக் என்ற பெட்டியைக் கொண்டுவந்த ரேஸ் டைனமிக்ஸ் எந்த ஊர்? அதுவும் பெங்களூர்!

இதில் ஒரு விநோதம். காசு கொடுத்து ரீமேப் செய்த வண்டியைக் கம்பெனி சர்வீஸில் விட்டு, அவர்கள் புது சாஃப்ட்வேரை ஏற்றினால் ரீமேப் மொத்தமும் அழிந்துபோகலாம். காலையில் விட்ட வண்டி மாலையில் பழைய இழுவையோடு திரும்பி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அப்படியானால் வெளி டியூனர் திருடன், கம்பெனி சாஃப்ட்வேர் சுத்தமா? இங்கேதான் கதை தலைகீழாகப் புரள்கிறது!

1998இல் அமெரிக்காவில் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நாவிஸ்டார், ரெனோ, வோல்வோ ஆகிய ஏழு தயாரிப்பாளர்கள் மாட்டினார்கள். சோதனைக்கூடத்தில் அடக்கமாக இருந்த எஞ்சின், நெடுஞ்சாலையில் சீராக ஓடத் தொடங்கியதும் டீசலைச் சிக்கனம் பண்ணும் வேறு கணக்குக்குத் தாவியது; நைட்ரஜன் ஆக்சைடு நச்சு எகிறியது. மாட்டிய எஞ்சின்கள் 13 லட்சம். அபராதம் 8 கோடியே 34 லட்சம் டாலர். அந்த லாரிகளுக்கு ஓவர்ஹால் நடக்கும்போது மாசு குறைக்கும் சாஃப்ட்வேரை ஏற்றியாக வேண்டும் என்றும் நிபந்தனை. கம்பெனி அப்டேட் என்பது அரசாங்க உத்தரவாகவே வந்தது!

அந்த உடன்பாட்டுக்காக, ஓடுகிற லாரியிலேயே வைத்துப் புகையை அளக்கும் கருவியை உருவாக்கியது வெஸ்ட் வர்ஜினியா பல்கலைக்கழகம். பதினைந்து வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் மூன்று ஆராய்ச்சி மாணவர்கள். சுவிட்சர்லாந்தின் மார்க் பெஷ், சென்னையில் பொறியியல் படித்த அரவிந்த் திருவேங்கடம், நம் பெங்களூரின் ஹேமந்த் கப்பண்ணா! 2013இல் டீசல் கார்களின் டிக்கியில் ஜெனரேட்டரும் கருவிகளும் ஏற்றி, புகைக்குழாயில் குழாய் மாட்டி, கலிஃபோர்னியச் சாலைகளில் அளந்தார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரைக்கும் ஓட்டினார்கள். அவர்கள் யாரையும் பிடிக்கக் கிளம்பவில்லை. அமெரிக்க டீசல் கார் எவ்வளவு சுத்தம் என்று காட்டத்தான் அந்த ஆராய்ச்சி. வந்த எண்ணோ வேறு: நைட்ரஜன் ஆக்சைடில் ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, விதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்கு, பஸ்ஸாட் 5 முதல் 20 மடங்கு. கருவியில் கோளாறோ என்று முதலில் தங்களையே சந்தேகப்பட்டார்கள்.

கோளாறு கருவியில் இல்லை. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்து ‘இது சோதனை’ என்று தானே கண்டுகொள்ளும் சாஃப்ட்வேர்! 2015 செப்டம்பரில் விவகாரம் வெடித்தது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவில் 3,23,700 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பரிகாரம்? மறுபடி ஒரு கம்பெனி அப்டேட். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதிக்க, அதை வசூலிக்கும் நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஹேமந்த் கப்பண்ணா? ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, 2019 ஆட்குறைப்பில் வேலை போய், பெங்களூருக்கே திரும்பினார். இந்த ஊரில் இந்தப் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

லாரி உலகமும் அதோடு திருந்திவிடவில்லை. ராம் பிக்கப்புகளின் டீசல் எஞ்சினில் ஏமாற்று மென்பொருள் இருந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில், கம்மின்ஸ் 2023 டிசம்பரில் 167 கோடியே 50 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை இல்லாத தொகை! வெளி டியூனர்கள் பக்கத்துக் கணக்கும் சளைத்ததல்ல. பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக்கட்டுப்பாட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2020இல் கணக்கிட்டது. புகையளவில் அது கூடுதலாக 90 லட்சம் வண்டிகளைச் சாலையில் விட்டதற்குச் சமம்.

லாரி ஓனரின் வயிற்றெரிச்சலையும் சொல்லத்தான் வேண்டும். பி.எஸ். 6 மாசு விதிப்படி வரும் லாரிக்கு, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, டீசல் தவிர யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். அதில் யூரியா 32.5 சதவீதம். அது தீர்ந்தாலோ, தரம் கெட்டிருப்பதாகச் சென்சார் சொன்னாலோ இழுவையைக் குறைக்க வேண்டும் என்பது விதி. சென்சாரே பழுதாகித் தவறாகச் சொன்னாலும், சரக்கோடு நடுவழியில் முடங்குவது அவர்தான். தவணையும் வாடகைக் கெடுவும் கழுத்தைப் பிடிக்கும்போது ‘சென்சாரைக் கட் பண்ணித் தர்றேன் அண்ணே’ என்பவன் தெய்வமாகத் தெரிவான். இந்தக் கோபம் உலகம் முழுக்க உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே, வண்டி திடீரென்று சக்தி இழக்காதபடி சாஃப்ட்வேரைத் திருத்துங்கள் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஓனரின் வேதனையைக் கம்பெனி அப்டேட்டாலேயே தீர்க்க முடியும்போது, வெளியே போய்ப் பிடுங்கச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த நைட்ரஜன் ஆக்சைடு இறங்குவது ஓனரின் நெஞ்சில் மட்டுமா? சாலையோர வீடுகளில் வளரும் குழந்தைகளின் நெஞ்சிலும்தான்.

இன்னொன்று தெரியுமா? அந்த மாணவர்கள் டிக்கியில் ஏற்றிப் போன அதே வித்தை இன்று இந்தியச் சட்டம்! 2023 ஏப்ரல் 1 முதல் இரண்டாம் கட்ட பி.எஸ். 6 விதிகளின்படி, சோதனைக்கூடத்தில் தேறினால் மட்டும் போதாது, ஓடுகிற சாலையிலும் கருவி கட்டி அளந்து காட்ட வேண்டும்.

ஈ.சி.யூ.வுக்குள் கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. மாசு தொடர்பான எண்களில் ஒன்றைத் திருத்தினாலும் அது மாறிவிடும். டிரைவர் கேபினில் உள்ள, கோளாறு படிக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் படிக்கலாம். அடுத்த தடவை லாரியை சர்வீஸுக்கு விடும்போது, சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்த எண்ணையும் பதிப்பையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.