சமரசம் பேசுவதும் வக்கீல் தொழில்தான்

வக்கீல் என்றாலே நீதிமன்றத்தில் வாதாடுபவர் என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு சமரசம் பேசியே பெயர் பெற்றவர். 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் உருவாக அவரே முன்னின்றார். பாபரி மஸ்ஜித் வழக்கில் 2019இல் நீதிபதி கலீஃபுல்லாவுடன் மத்தியஸ்தராக அமர்ந்தவரும் அவர்தான். (அது உடன்பாட்டில் முடியவில்லை.)

நம் புதுச்சேரிக்கும் அதே உயர் நீதிமன்றம்தான். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேர் 1936 ஜூலை 30இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. வேலைத்தலத் தகராறைப் பேசித் தீர்ப்பதன் அருமை இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வதில்லை. முதலாளியையும் தொழிலாளியையும் தனித்தனியே கேட்பார். ஒருவர் ரகசியமாகச் சொன்னதை அவர் சம்மதமின்றி மற்றவரிடம் சொல்லமாட்டார். மதரஸாவில் 'ஸுல்ஹ்' பாடம் படித்த நமக்கு இது புதிதல்ல.

தொழிலாளர் துறை அதிகாரி நடத்தும் சமரசப் பேச்சில் ஒரு தரப்புக்காக வக்கீல் ஆஜராவதற்குச் சட்டம் உரிமை தரவில்லை. அது நியாயம் என்பதே நம் கருத்து. பெரிய வக்கீலை அமர்த்தக் காசுள்ளவர் முதலாளிதானே!

வேலை இழந்தவர் சமரசத்தில் கையெழுத்திடும் முன் சம்பள பாக்கி, பி.எஃப். கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். ஐந்தாண்டு உழைத்தவரின் கிராஜுவிட்டி சட்டம் தந்த உரிமை. அதைப் பேரத்தில் சேர்க்க வேண்டியதில்லை.