தெருநிழல்

நகரைப் பசுமையாக்கல் என்றவுடன் பலரும் பூங்காவையே நினைக்கின்றனர். பூங்கா வேண்டற்பாலதே. புகார் நகரில் இலவந்திகை, உய்யானம், உவவனம் எனச் சோலைகள் பல இருந்தமையை மணிமேகலை கூறுகின்றது. எமது யாழ்ப்பாணத்திலும், வடமாகாண அரசாங்க அதிபராயிருந்து 1867 இற் காலமான டைக் என்னும் ஆங்கிலேயர் மரங்கள் நட்டு ஆக்கிய சோலையே பழைய பூங்கா என வழங்குகின்றது.

ஆயினும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு நிழல் தந்தவை பூங்காக்கள் அல்ல, வேலிகளே. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை மழைக்கு முன்னர் நட்டு, கிடுகு கட்டி, ஒவ்வொருவரும் தத்தம் வளவை அடைத்தனர். கதியால்கள் வேர்கொண்டு தழைத்தன. குழை ஆட்டுக்கு உணவாயிற்று, தோட்டத்துக்குப் பசளையாயிற்று. வழிப்போவார்க்கு நிழல் விலையின்றிக் கிடைத்தது. அந்நிழலைத் தெருவுக்கென்று எவரும் வளர்த்திலர். பின்னர் வேலி அகன்று மதில் எழுந்தது. காவல் மிகுந்தது, ஆண்டுதோறும் வேலியடைக்குஞ் செலவும் ஒழிந்தது. ஆதலின் மதில் கட்டியோரைக் குறைகூறல் நேர்மையன்று. ஆனால் தெருநிழல் கேட்பாரற்றுப் போயிற்று. முன்னர் வீட்டார் தம்மையறியாது செய்த பணியை இனி நகரத்தார் அறிந்தே செய்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

இது வெயிலுக்கு ஒதுங்கும் வசதி பற்றிய பேச்சு மாத்திரமன்று. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் நாம் பருகும் கிணற்றுநீர், பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தேங்கிய நீரே. தெருவோரம் முழுவதையும் சீமெந்தால் மூடிவிடின் மழைநீர் வாய்க்கால் வழியே கடலை அடையும். மரம் நிற்கும் இடத்தில் நிலம் திறந்திருக்கும். உதிர்ந்த சருகும் ஓடிய வேரும் மண்ணை இளக்கி நீரை உள்ளே விடும். மரத்தை நட்டு, அதன் அடியைச் சுற்றிக் கல்பதித்து இறுக்குவோர் இதனை எண்ணுவதில்லை.

மரநடுகை விழாக்களுக்குக் குறைவில்லை. நட்ட கன்று அடுத்த ஆவணியைக் காண்பதே அருமை. தையோடு மழை ஓயும். வைகாசியிற் சோளகம் வீசத் தொடங்கி மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். மண்ணோ பல இடங்களில் ஆழமற்றது. அதன் கீழே கல். ஆகவே கல்லை உடைத்து மூன்றடிக் குழி தோண்டி, செம்மண்ணும் எருவும் இட்டு, முதல் மழையோடு கன்றை வைத்தல் வேண்டும். பின்னர் ஒரு கோடையேனும் நீர் ஊற்றல் வேண்டும். ஊற்றுவார் யார் என்பதை விழாவுக்கு முன்னரே தீர்மானித்தல் நன்று. கன்றின் அருகே மண்குடம் ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பின், அது மெல்லக் கசிந்து வேரைச் சேரும், நீரும் மிச்சமாகும். குடத்தின் வாயை மூடாவிடின் நுளம்பு பெருகும்.

மரத்தைத் தெரிதலிலும் விழிப்பு வேண்டும். மேமலர் மரம் விரைந்து வளர்ந்து கண்ணைக் கவரும்; கிளையோ எளிதில் முறியும். வேம்பும் நாவலும் காத்திருக்கத் தெரிந்தவர்க்கு உரியன. மின்கம்பியின் கீழ் இவற்றை நட்டால் ஆண்டுதோறும் தலை வெட்டப்படும். அவ்விடத்துக்கு வெட்டுந்தோறுந் தழைக்கும் பூவரசே போதும். ஆடுமாடுகளுக்கு அஞ்சிக் கன்றுக்கு இரும்புக்கூடு இடுவோர், மரம் பருத்தபின் அதனைக் கழற்ற மறத்தலும் உண்டு. அவ்வாறு விடப்பட்ட கம்பி மரப்பட்டையினுட் புதைந்து கிடப்பதை ஆங்காங்கே காணலாம்.