ஓர் ஏற்பி, இரு பணி: சிடி40 ஆய்வும் மொழியாக்கச் சிக்கலும்

1. முன்னுரை

அறிவியல் நூல்களைத் தமிழாக்கம் செய்வோர் ஒரு கலைச்சொல்லுக்கு நேர்ச்சொல் கண்டவுடன் தம் பணி முடிந்ததாகக் கொள்வதுண்டு. ஆயின், ஒரே பொருள் உடல்நலத்தில் ஒருவகையாகவும் நோயில் வேறுவகையாகவும் இயங்குமிடத்து, சொல் சரியாக இருந்தும் தொடர் பிழைபடக்கூடும். புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் சிடி40 என்னும் ஏற்பியைப் பற்றி நிகழ்ந்த ஆய்வுகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றை விளக்கி, மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கனவற்றைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்து, புறத்திருந்து வரும் மூலக்கூற்றைப் பற்றிக்கொள்ளும் புரதமே ஏற்பி எனப்படுகிறது. இக்கருத்துக்குரிய செருமானியச் சொல்லை எர்லிக்கும் மார்கன்ராத்தும் 1900இல் ஆண்டனர். ஏறத்தாழ அதே பொருளை ஆங்கிலேயரான லாங்லி 1905இல் 'ஏற்கும் பொருள்' என்று கருதினார். 'ஏற்பி' என்பது கடத்தி, ஒலிபெருக்கி என்பன போல இகர விகுதி பெற்று வினைமுதற்பொருள் தருவது. எனினும் அது 'ஏற்றல்' என்னும் ஒரு கூற்றை மட்டுமே உணர்த்தும். ஏற்ற செய்தியை உயிரணுவின் உள்ளே கடத்துவதும் ஏற்பியின் பணியே என்பதை மொழிபெயர்ப்பாளர் தொடரால் நிரப்ப வேண்டியுள்ளது.

ஏற்பியோடு இணையும் மூலக்கூற்றுக்கு வேதியியல் பாடநூல்களில் வழங்கும் 'ஈனி' என்னும் சொல்லைப் பயன்படுத்துவாருளர். எலக்ட்ரான் இணையை ஈவதால் வேதியியலில் அச்சொல் பொருந்தும். ஏற்பியோடு இணைவது எதையும் ஈய வேண்டுவதில்லை. மூலச்சொல்லின் இலத்தீன் வேருக்கும் 'பிணைத்தல்' என்பதே பொருள். ஆதலின் இங்குப் 'பிணைவி' என்பதே ஏற்புடைத்து.

3. நலத்தில் சிடி40

சிடி40 என்னும் ஏற்பி பி உயிரணுக்களிலும் பெருவிழுங்கிகளிலும் காணப்படுகிறது. அதன் பிணைவி தூண்டப்பெற்ற டி உயிரணுக்களில் தோன்றும். இவ்விரண்டும் இணைந்தால்தான் பி உயிரணு ஒருவகை எதிர்ப்பொருளிலிருந்து மற்றொரு வகைக்கு மாற இயலும். பிணைவிக்குரிய மரபணு பழுதுபடின் ஒருவகைப் பிறவி நோய் உண்டாகும் என்பது 1993இல் கண்டறியப்பட்டது. அம்மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளமையால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே அந்நோய்க்கு ஆளாகின்றனர். கடுந்தொற்றுகளை எதிர்க்கும் ஆற்றலை இழக்கின்றனர்.

அப்படியாயின் இவ்விணைப்பு எப்பொழுதும் நன்மையே தருமோ எனின், அன்று. மிகையான தூண்டல் உடல் தன்னையே தாக்கும் நோய்களிலும், மாற்றுறுப்பு மறுப்பிலும் பங்கு கொள்கிறது. அதனைத் தடுக்கும் எண்ணத்துடன் பிணைவிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் சில நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது, குருதிக்கட்டிகள் தோன்றியமையால் அம்முயற்சிகள் நிறுத்தப்பட்டன. பிணைவி குருதித் தட்டணுக்களிலும் இருப்பதே இதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது.

4. புனே ஆய்வு

லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணி, தன்னை அழிக்க வேண்டிய பெருவிழுங்கியினுள்ளேயே வாழ்கிறது. கருங்காய்ச்சலை விளைக்கும் இதன் இனத்தை 1903இல் சென்னையில் கண்டறிந்தோருள் ஒருவர் சார்லசு டொனவன். தோல்நோய் விளைக்கும் மற்றோர் இனமான லீஷ்மேனியா மேஜரை எலிகளில் ஆராய்ந்த பாஸ்கர் சாகாவின் குழுவினர், 2003, 2004ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் குறிப்பிடத்தக்க உண்மையை நிறுவினர். சிடி40 வலுவாகத் தூண்டப்பட்டால் பி38 என்னும் கைனேஸ் வழியே இண்டர்லூக்கின்-12 சுரந்து, ஒட்டுண்ணியை அழிக்கும் எதிர்வினை எழுகிறது. மெலிவாகத் தூண்டப்பட்டால் இ.ஆர்.கே. என்னும் மற்றொரு கைனேஸ் வழியே இண்டர்லூக்கின்-10 சுரந்து, அவ்வெதிர்வினை அடங்குகிறது. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று தடுப்பவை. தொற்று நேர்ந்த உயிரணுவில் முதல்வழி நலிந்து இரண்டாம் வழி மேலோங்குகிறது. பி38ஐத் தூண்டும் மருந்தால் காக்கும் எதிர்வினையை மீட்கவும் இயன்றது.

ஒட்டுண்ணி இதனை எவ்வாறு நிகழ்த்துகிறது என்பதற்கு 2009இல் வெளிவந்த கட்டுரை விடை தந்தது. உயிரணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் செறிந்த பகுதியில் அமைந்த சிடி40 காக்கும் செய்தியையும், அப்பகுதிக்குப் புறத்தே அமைந்த சிடி40 அடக்கும் செய்தியையும் தருகிறது. ஒட்டுண்ணியோ சவ்வின் கொலஸ்ட்ராலைக் குறைத்துவிடுகிறது. ஏற்பி மாறவில்லை, அதன் சூழலே மாறியது.

5. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் கூறும். இவ்வேற்பியின் பணியும் அவ்வாறே சார்பால் தெளியப்படுவது. எனவே 'நோய் எதிர்ப்பு ஏற்பி' என அடைமொழி கூட்டிப் பெயர்ப்பது, நோய்க்குத் துணைபோகும் பணியை மறைத்துவிடும். 'சிடி40ஐத் தூண்டினால் நோய் தீரும்' என்னும் தொடர் மூலத்திலுள்ள 'வலுவாக' என்னும் ஒரு சொல்லை விட்டதனால் நேர்மாறான பொருளைத் தந்துவிடும். மருந்து விளக்கக் குறிப்புகளில் இத்தகைய பிழை நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

6. முடிவுரை

ஏற்பியின் பெயரை மாற்றாது காத்தல், அளவையும் இடத்தையும் குறிக்கும் அடைகளை விடாது பெயர்த்தல், நன்மை தீமை பற்றிய அடைமொழிகளைத் தாமாகச் சேர்க்காதிருத்தல் ஆகிய மூன்றும் இத்துறை மொழியாக்கத்திற்கு இன்றியமையாதன. கலைச்சொல் ஆக்கத்துக்குத் தரும் அளவு கவனத்தைத் தொடராக்கத்துக்கும் தருதல் வேண்டும் என்பதையே சிடி40 உணர்த்துகின்றது.