ஊரும் கூட்டமும்

1986-இல் அமெரிக்காவில் கமடோர் 64 கணினி வைத்திருந்த சிலர், மாலை வேளைகளில் தொலைபேசி இணைப்பு வழியே ஓர் ஊருக்குள் போய்வந்தார்கள். ஊரின் பெயர் ஹேபிடாட். லூகாஸ்ஃபிலிமின் விளையாட்டுப் பிரிவிலிருந்த சிப் மார்னிங்ஸ்டாரும் ரேண்டி ஃபார்மரும் அதை உருவாக்கி நடத்தினார்கள். பின்னாளில் அமெரிக்கா ஆன்லைன் ஆன நிறுவனத்தின் குவாண்டம் லிங்க் சேவை அதை வீடுகளுக்குக் கொண்டுபோனது. கணினியின் நினைவகம் 64 கிலோபைட். நொடிக்கு 300 பிட் கடத்தும் மோடமிலும் ஓடும்படி எல்லாம் சுருக்கப்பட்டிருந்தது. தட்டையான வண்ணச் சித்திரங்கள்; பேசினால் தலைக்கு மேல் எழுத்து தோன்றும். அவ்வளவுதான்.

2017-இல் வந்த ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டுக்கு இந்தச் சிக்கனம் தேவையில்லை. கைபேசியிலும் விளையாட்டுக் கருவியிலும் கணினியிலும் ஒரே உலகம் திறக்கிறது. நுழையக் கட்டணமில்லை, உடைக்கும் நடன அசைவுக்கும்தான் செலவு. ஹேபிடாட்டிலோ ஊருக்குள் நின்ற ஒவ்வொரு நிமிடமும் காசு.

அன்று ஊரின் கதையை முன்கூட்டியே எழுதிவிடலாம் என்றுதான் அதை உருவாக்கியவர்களும் நினைத்தார்கள். ஒரு தீவுச் சாகசத்துக்காக நூறு இடங்களை வாரக்கணக்கில் உழைத்துச் சமைத்தார்கள். பல நாள் ஓடும் என்று எதிர்பார்த்த புதிரை ஒருவர் சுமார் 8 மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டார். முக்கியமான துப்பு அவருக்கு முதல் 15 நிமிடத்திலேயே பிடிபட்டிருந்தது. மற்றவர்கள் சூடுபிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துபோனது.

ஊர் உயிர்பெற்றது வேறு வழிகளில். ஒரு விற்பனை இயந்திரத்தில் 75 டோக்கனுக்குக் கிடைத்த பொம்மையை, ஊரின் மறுகோடியில் இருந்த அடகு இயந்திரம் 100 டோக்கனுக்கு வாங்கிக்கொண்டது. விலையில் நேர்ந்த பிழை அது. அதைக் கண்டுகொண்ட சிலர் இரவெல்லாம் நடையாய் நடந்தார்கள். விடிந்தபோது ஊரில் புழங்கிய பணம் ஐந்து மடங்காகியிருந்தது. பணத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் அதைக் கொண்டே மற்றவர்களுக்குப் புதையல் வேட்டைகள் நடத்தினார்கள். துப்பாக்கியும் திருட்டும் பெருகியபோது, கொலை குற்றமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஊர் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. பிறகு தங்களுக்கென ஒரு காவல் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நிஜ வாழ்வில் கிரேக்க மரபுவழித் திருச்சபையின் குருவாக இருந்த ஒருவர் அங்கே முதல் தேவாலயத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது விதி. இன்னொருவர் 'தி ரான்ட்' என்று வாரப் பத்திரிகை நடத்தினார். இருபது, முப்பது, சில வாரம் ஐம்பது பக்கம்கூட வந்தது.

மையத்திலிருந்து எல்லாவற்றையும் திட்டமிட முடியாது, மக்கள் போகும் வழியைப் பார்த்து உடன்போவதே தங்கள் வேலை என்று மார்னிங்ஸ்டாரும் ஃபார்மரும் தங்கள் கட்டுரையில் பதிவு செய்தார்கள். மெய்நிகர் உலகங்களைப் படைப்போர் இன்றும் படிக்கும் கட்டுரை அது.

இன்று திட்டமிடல் திரும்பி வந்திருக்கிறது, அன்று கனவிலும் காணாத அளவில். 2019 டிசம்பர் 14 அன்று, ஃபோர்ட்நைட் தீவிலிருந்த ஒரு திறந்தவெளித் திரையரங்கில் ஸ்டார் வார்ஸ் படத்தின் இயக்குநர் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் மெய்நிகர் உருவில் தோன்றினார். இறந்ததாகக் கருதப்பட்ட பேரரசன் பால்பட்டீனின் அறைகூவல் அங்கே ஒலித்தது. அடுத்த வாரம் வெளியான படம், அந்த அறைகூவல் ஒலித்தது என்று தொடக்க வரிகளில் தெரிவித்ததோடு நகர்ந்துவிட்டது. அந்தக் குரல் ஒலித்த இடம் படமல்ல, விளையாட்டு. கதையின் ஒரு கண்ணி திரையிலிருந்து தீவுக்கு இடம் மாறியிருந்தது.

2020 ஏப்ரலில், ஊரடங்கில் உலகம் வீட்டுக்குள் கிடந்தபோது, டிராவிஸ் ஸ்காட்டின் கச்சேரியை ஒரே நேரத்தில் 1.23 கோடிப் பேர் அங்கே கண்டார்கள். எந்த அரங்கமும் அந்தக் கூட்டத்தைத் தாங்காது. தனித்திருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சில நிமிடங்கள் தந்த ஆறுதலைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அத்தனை பேரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கூட்டம் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் தீவின் தனித்தனி நகலில் நின்றது. வழக்கமான ஆட்டத்திலும் ஒரு நகலுக்கு 100 பேர். ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். நேற்று எதிரே நின்றவரை நாளையும் சந்திப்போம் என்ற உறுதி இல்லை. ஹேபிடாட்டில் திருடியவரை மறுநாளும் அதே தெருவில் பார்த்தாக வேண்டும். வாக்கெடுப்பும் பத்திரிகையும் தேவாலயமும் அந்த நிர்ப்பந்தத்தில் பிறந்தவை.

பழையதை இழந்த ஏக்கம் புதிய உலகத்திலும் இருக்கிறது. 2023 நவம்பரில் ஃபோர்ட்நைட் தன் பழைய தீவைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஒரே நாளில் 4.47 கோடிப் பேர் வந்தார்கள். அந்த விளையாட்டின் வரலாற்றில் அதுவரை காணாத கூட்டம் அது. ஹேபிடாட்டின் மூல நிரலோ 2016-இல் பொதுவில் வெளியிடப்பட்டது. ஓக்லாந்து அருங்காட்சியகம் ஒன்றின் முயற்சியில் ஆர்வலர்கள் அதை மீண்டும் இயக்கினார்கள். தெருக்களை மீட்டார்கள். அவற்றில் வழக்குப் பேசிய ஊராரை மீட்க வழியில்லை.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. 2023 மார்ச்சில் ஃபோர்ட்நைட் தன் கட்டுமானக் கருவிகளை விளையாடுவோர் கையில் கொடுத்தது. நிகர வருவாயில் 40 விழுக்காட்டைத் தீவுகளை உருவாக்குவோருக்கு ஒதுக்குவதாகவும் அறிவித்தது. ஹேபிடாட் குடிகள் பத்திரிகை நடத்தலாம், புதையல் வேட்டை வைக்கலாம். இடத்தைப் படைக்கும் ஆற்றல் நிறுவனத்திடம்தான் இருந்தது. இன்று பதினாறு வயதுப் பிள்ளை ஒரு தீவையே எழுப்பிவிட முடிகிறது. இந்த ஆதாயம் மெய்யானது.

கூட்டம் சேர்க்கும் கலையை இந்த உலகங்கள் முழுமையாகக் கற்றுவிட்டன. ஊராக வாழ்வதற்கு இரண்டு வேண்டும்: மறுநாளும் அதே முகங்கள், யாரும் இன்னும் எழுதி முடிக்காத கதை. இவற்றுக்கு உயர்ந்த தொழில்நுட்பம் தேவையில்லை என்பதை 64 கிலோபைட்டே காட்டிவிட்டது. அவற்றுக்கு இடம்விட உரிமையாளர்கள் மனம்வைக்க வேண்டும்.