வலையில் சிக்கும் கடற்பசு

கடலுக்கடியில் புல் மேயும் பிராணி ஒன்று உண்டு என்பதை அறிவீர்களா? அதுதான் கடற்பசு. பாக் விரிகுடா மீனவர்கள் இதனை 'ஆவுளியா' என்பார்கள். சுமார் 3 மீட்டர் நீளம் வளரும் இப்பிராணி, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரை கடற்புல்லைத் தின்கிறது.

கடற்பசு மீனன்று, பாலூட்டி. அதற்குச் செவுள் கிடையாது, நுரையீரலால் சுவாசிக்கிறது. ஆகவே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு விட்டே ஆகவேண்டும்.

கடற்புல் வளரச் சூரிய ஒளி தேவை. எனவே அது கரையோரத்தில், ஆழம் குறைந்த இடங்களில் வளர்கிறது. சிறு படகு மீனவர்கள் செவுள் வலை விரிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். இவ்வலையின் கண்ணுக்குள் மீனின் தலை நுழைந்ததும் செவுள் மாட்டிக்கொள்ளும். கடற்பசுவின் துடுப்போ வாலோ இதில் சிக்கினால், திமிறத் திமிற வலை மேலும் சுற்றிக்கொள்ளும். மேலே வர இயலாமல் அது மூச்சடைத்து மடிகிறது.

"எப்போதோ ஒன்று இறப்பதால் என்ன குறைந்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடற்பசு ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் ஈனும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். எல்லாம் சாதகமாக அமைந்தாலும், 100 கடற்பசுக்கள் ஓராண்டில் 105 ஆவதே அரிது. வலைகளில் 6 மடிந்தால் கூட்டம் குறையத் தொடங்கிவிடும். ஒரு மீனவரின் வலையில் வாழ்நாளில் ஓரிரு முறையே கடற்பசு சிக்கலாம். ஆனால் கடற்கரை நெடுகிலும் எத்தனை வலைகள்!

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடற்பசுவைக் கொல்வதைத் தடை செய்கிறது. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆயினும், சிக்கிய கடற்பசுவை அந்நேரத்தில் காக்கக்கூடியவர் படகிலுள்ள மீனவரே. அதற்கு அவர் தம் வலையை அறுக்க வேண்டும்; அது அவருடைய பிழைப்பு. அப்படியிருந்தும் இப்பகுதி மீனவர்கள் பலமுறை வலையை அறுத்துக் கடற்பசுக்களை உயிருடன் விடுவித்திருக்கிறார்கள். வனத்துறையும் அவர்களுக்குப் பரிசளித்திருக்கிறது.

கடற்பசு பிழைப்பதால் நன்மை நம் எல்லோருக்கும். அப்படியானால், அறுபட்ட வலையின் நஷ்டத்தை மீனவர் மட்டும் சுமப்பது முறையா? சிந்தித்துப் பாருங்கள்.