மறைநூற்கு இயேசுநாதர் கண்ட உரை

இயேசுநாதர் யூதரின் மறைநூலை விலக்கிப் புதியதொரு நெறியை நாட்டினார் என்று கருதுவோர் பலர். அவரோ யூதராய்ப் பிறந்து, யூதரின் செபாலயங்களிலே போதித்து, யூத அறிஞரோடு வாதம் புரிந்தவர். அவர் வாழ்ந்த நாளிலே புதிய ஏற்பாடு என்றொரு நூல் எழுந்திலது. அவர்க்கு மறையாவன மோசேயின் நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளின் ஆகமங்களும் சங்கீதங்களுமே. ஆதலின், அவரை மறை மறுத்தவர் என்பதினும் மறைக்கு உரை கண்டவர் என்பதே பொருந்தும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

உபாகமத்தின் 24ஆம் அதிகாரம், ஒருவன் தன் மனைவியிடத்து 'எர்வத் தாவார்' கண்டு, தள்ளுதற்சீட்டு எழுதிக்கொடுத்து அவளை அனுப்பிவிடுதலைப் பற்றிப் பேசுகின்றது. இவ்வெபிரேயத் தொடரின் முதற்சொல் நிர்வாணம், வெட்கக்கேடு எனப் பொருள்படும். இரண்டாவது சொல் காரியம் எனப் பொருள்படும். ஷம்மாயின் மாணாக்கர் முதற்சொல்லை வலியுறுத்தி, ஒழுக்கக்கேடு ஒன்றற்கே மனைவியைத் தள்ளலாம் என்றனர். ஹில்லேலின் மாணாக்கர் இரண்டாவதை வலியுறுத்தி, எக்காரியமும் போதும், உணவைப் பழுதாக்கினும் தள்ளலாம் என்றனர். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா இவ்விரு கொள்கைகளையும் பதிவு செய்துள்ளது. சொல்லாராய்ச்சியாகத் தோன்றும் இவ்வழக்கிலே பெண்ணொருத்தியின் வாழ்வு தங்கியிருந்தது.

இவ்வழக்கையே பரிசேயர் இயேசுநாதரிடம் கொணர்ந்தனர். எக்காரணம் பற்றியும் மனைவியைத் தள்ளலாமோ என்னும் வடிவிலே அவ்வினாவை மத்தேயு தருகின்றார். இயேசுநாதர் அவ்விரு சொற்களைப் பற்றி வாதிட்டாரல்லர். ஆதியாகமத்தின் முதலிரு அதிகாரங்களை நோக்கிச் சென்றார். இறைவன் மனிதரை ஆணும் பெண்ணுமாய்ப் படைத்ததையும், கணவனும் மனைவியும் ஓருடலாவதையும் எடுத்துக்காட்டினார். தள்ளுதற்சீட்டோ மக்களின் வன்னெஞ்சு கருதி மோசே அளித்த இசைவு என்றார். மறையின் ஒரு பகுதிக்கு மறையின் மற்றொரு பகுதியே உரையாயிற்று. மாற்கு தரும் விடையிலே விலக்கு யாதுமில்லை. மத்தேயு ஒழுக்கக்கேட்டை விலக்காகக் கூறுதலின், அங்கே அவ்விடை ஷம்மாய் கொள்கையை அணுகி நிற்கின்றது.

இம்முறை யூத மரபுக்குப் புறம்பானதோ எனின், அன்று. கெய்ரோவின் பழைய செபாலயம் ஒன்றிற் கிடைத்து 1910இல் அச்சேறிய 'தமஸ்கு ஆவணம்' என்னும் நூலின் படிகள், பின்னர்ச் சாக்கடலருகே கும்ரான் குகைகளிலும் கண்டெடுக்கப்பட்டன. இரு மனைவியரைக் கொள்வாரைக் கண்டிக்குமிடத்து, ஆணும் பெண்ணுமாகப் படைத்தமை கூறும் அதே வசனத்தையே அந்நூலும் சான்றாகக் காட்டுகின்றது. வழக்கு வேறு, உரைகாணும் நெறி ஒன்று.

உட்குடும்பத்து வாதமாகிய இதனைப் பிற்காலத்தார் யூதர்க்கு எதிரான பகையுரையாகக் கொண்டனர். அப்பிழையான வாசிப்பு, நூற்றாண்டுகள் பலவாக யூதர்மீது வளர்ந்த வெறுப்புக்குத் துணைபோயிற்று. இயேசுவின் பாடுகளுக்கான பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்தலாகாதென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேதான் அறிவித்தது.

தலையாய கற்பனை யாதென வினவிய வேதபாரகர் ஒருவர், இயேசுநாதரின் விடையை ஏற்றுப் போற்றினார் என்றும், அவர் இறையரசுக்குத் தொலைவில் இல்லையென இயேசுநாதர் மொழிந்தார் என்றும் மாற்கு எழுதுகின்றார். இறைவனிடத்தும் பிறனிடத்தும் அன்புசெய்க என்னும் அவ்விடையும் உபாகமத்தினின்றும் லேவியராகமத்தினின்றும் எடுத்ததே. சுவிசேடங்களைக் கற்பிப்போர் பரிசேயரோடு நிகழ்ந்த வாதங்களை உரைக்குமிடத்து, இந்நிகழ்ச்சியையும் உடன் உரைத்தல் கடனாகும்.