மாதிரி மன்றமும் மெய்யான வழக்கும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றங்கரையில் பரந்து கிடக்கும் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகளால் நீரும் காற்றும் மாசுற்றன என்று சுற்றுக் கிராமத்தார் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள்; அம்முறையீடு நியாயஸ்தலத்தில் நிலைபெற வேண்டுமாயின், துயரத்தைச் சாட்சியமாக்கவல்ல வழக்கறிஞர் வேண்டும்.

அத்திறன் புத்தகப் படிப்பினால் மாத்திரம் வாய்ப்பதன்று. ஆதலின் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் மாதிரி நீதிமன்றப் பயிற்சியைக் கட்டாயமாக்கின: மாதிரி வழக்கில் வாதாடுதல், இரு மெய்யான வழக்குகளின் விசாரணையை நேரிற் காணுதல், வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் விவரமறிதலையும் வழக்கை ஆயத்தம் செய்தலையும் கவனித்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண், வாய்மொழித் தேர்வுக்கு 10.

சிப்காட் மாசு போன்றதொரு வழக்கை மாதிரியாக நடத்தி, மாணவருள் ஒருவர் மாசுற்ற கிணற்றுக்குரிய விவசாயியாகவும், ஒருவர் ரசாயன நிபுணராகவும், ஒருவர் ஆலையின் வழக்கறிஞராகவும் நின்றால், முதல் விசாரணையில் விடையை உணர்த்தும் கேள்வியை அனுமதியின்றிக் கேட்கலாகாது, குறுக்கு விசாரணையில் கேட்கலாம் என்ற விதி அனுபவமாகிறது. நீர் மாதிரியை யார் எடுத்தார், எப்போது முத்திரையிட்டார் என்ற வினாவில் வழக்கே தங்கியிருப்பதும் விளங்குகிறது.

ஆகவே ஆசிரியர்கள் மாதிரி மன்றத்தில் கற்பனைத் தேசங்களின் சச்சரவுகளோடு நில்லாது, நம் ஊர்களின் வழக்குகளையும் பயிற்சிப் பொருளாக்குதல் அவசியம்.